ஆறுச்சாமிக்குப் போர்த்தாத பொன்னாடை

கல்விக் கடன் மேசையில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். தவணை கட்டாதவரை எப்படிக் கூப்பிடுவது, எந்தத் தொனியில் பேசுவது, அவர் பெயர் கணினியில் எந்த நிறத்தில் எரியும் என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒருநாளும் தவறாமல் கட்டுகிறவரைப் பற்றி யாரும் உங்களிடம் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அவரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். நானும் வங்கியில் தலை நரைக்கும் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேட்டுப்பாளையத்துக்குக் கிளை மேலாளராகப் போனபோது ஒரு பெண் என் அறைக்கு வந்து அந்த நினைப்பைக் கலைத்துவிட்டுப் போனாள்.

ஆறுச்சாமி உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை இறக்குபவர். ஊட்டியிலிருந்து லாரிகள் விடியும் முன்பே வந்து நிற்கும். ஏலம் முடிந்து வெயில் ஏறிய பிறகு மண்டிக்காரர்கள் அன்றைய பணத்தை மஞ்சள் பையில் போட்டு அவர் கையில்தான் கொடுத்தனுப்புவார்கள். அழுக்குச் சட்டையோடு எங்கள் கவுண்டரில் வந்து நிற்பார். பையில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். ஒரு தாள்கூடக் குறைந்ததில்லை. எங்கள் காசாளர் அந்த ஊரிலேயே எழுந்து நின்று பேசிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

அவருடைய மகள் நித்யா பொறியியல் படித்தது எங்கள் கிளையின் கடனில். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை இல்லை. அதற்குப் பிறகு மாதாமாதம் கட்ட வேண்டும். ஆறுச்சாமி கட்டினார். மண்டிப் பணத்தைச் செலுத்திய கையோடு, இடுப்பிலிருந்து தன் பணத்தைத் தனியாக எடுத்துக் கட்டுவார். கெடு நாளைத் தாண்டியதே இல்லை. மாதக் கடைசியில் மண்டல அலுவலகத்திலிருந்து காணொலிக் கூட்டம் போட்டு ஒவ்வொரு மேலாளரையும் வறுத்தெடுக்கும்போது, கல்விக் கடனில் தலைநிமிர்ந்து நான் சொல்லக்கூடிய பெயர் அது ஒன்றுதான் இருந்தது.

அந்தச் சமயத்தில் வாடிக்கையாளர் நாள் நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் சின்னக் கூட்டம், நாலு பேச்சு, ஒரு போண்டா, ஒழுங்காகக் கட்டுகிற ஒருவருக்குப் பொன்னாடை. நான் யோசிக்கவே இல்லை. ஆறுச்சாமிக்குச் சொல்லியனுப்பினேன். மண்டி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அவர் புது வேட்டி எடுத்திருக்கிறார் என்று டீக்கடைக்காரர் வரை என்னிடம் சொன்னார்கள். எனக்கும் மனசுக்குள் சந்தோஷம். சுமை தூக்குகிற ஒருவரை மேடையில் ஏற்றப் போகிறோம் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

விழாவுக்கு முந்தைய திங்கட்கிழமை, மதியக் கூட்டம் கலைந்த பிறகு நித்யா வந்தாள். துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவளை உட்காரச் சொன்னேன். அப்பாவோடு மேடைக்கு அம்மாவும் வரலாமா என்று கேட்க வந்திருப்பாள் என்று நினைத்தேன்.

"மேடம், வெள்ளிக்கெழமெ எங்கப்பாவுக்குத் துண்டு போத்தறீங்கன்னு சொன்னாங்க. அதெ நிறுத்திப்போட முடியுங்களா?"

ஏன் கண்ணு என்றேன்.

"போத்தீட்டீங்கன்னா அப்பறம் என்ன ஆனாலும் அவுரு கட்டறதெ நிறுத்த மாட்டாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வங்கி மேலாளரிடம் வந்து இப்படிச் சொல்லும் முதல் வாடிக்கையாளர் அவளாகத்தான் இருப்பாள். ஆனால் அவள் சிரிக்கவில்லை. மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். படிப்பு முடியும்போது சென்னைக் கம்பெனி ஒன்று வேலைக்கு எடுத்துக்கொண்டு கடிதம் கொடுத்தது. சேரும் தேதி பிறகு சொல்கிறோம் என்றது. அந்தத் தேதியைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதையே விட்டுவிட்டார்கள். அவளுக்கு இன்றுவரை வேலை இல்லை. மண்டியிலோ தெருவிலோ யாருக்கும் அது தெரியாது. மகள் சென்னை வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள் என்று ஆறுச்சாமி சொல்லி வைத்திருக்கிறார்.

அப்படியானால் தவணைப் பணம் எங்கிருந்து வந்தது? அவளுடைய அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கினாள். வாரா வாரம் குழுவுக்குக் கட்ட வேண்டும் என்பதால், அதற்கு இன்னொரு குழுவில் வாங்கினாள். இப்போது மூன்றாவது குழுவில் பேசிக்கொண்டிருக்கிறாள். வாரத் தவணை நாளில் குழுவின் மற்றப் பெண்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். எங்கள் வட்டி ஒரு பங்கு என்றால் அங்கே வட்டி இரண்டு மூன்று பங்கு. எங்கள் கடன் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த வீடு முழுக்க வேறு கடனை நிரப்பிக்கொண்டிருந்தது.

இது எவ்வளவு பெரிய அபத்தம் என்று உங்களுக்குத் தெரியும். வேலை கிடைக்கவில்லை என்று வந்து சொன்னால், விசாரித்துவிட்டு ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க எங்கள் வங்கியில் விதி இருந்தது. தேவைப்பட்டால் மறுபடியும் கேட்கலாம். அவர்கள் வந்து கேட்டிருந்தால் போதும். ஏன் வரவில்லை என்று கேட்டபோது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அப்பா விடவில்லை என்றாள். அவரும் கடனில் கையெழுத்துப் போட்டவர். அவர் கையெழுத்து இல்லாமல் தள்ளிவைக்க முடியாது. அதைவிட அவசரமான ஒன்று இருந்தது. கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில், சோதனைக் கூடத்தில் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு உதவித்தொகை பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும்தான் சரியாக இருக்கும். நன்றாகச் செய்தால் பிறகு நிரந்தரம். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு துணி ஆலையிலிருந்து இன்னொரு அழைப்பும் வந்திருந்தது. விடுதியில் தங்கிப் பொட்டலம் கட்டும் வேலை, மூன்று வருட ஒப்பந்தம், முதல் மாதத்திலிருந்தே தவணை கட்டுமளவு சம்பளம். ஞாயிற்றுக்கிழமை ஆலை வேன் வருகிறது. பம்ப் கம்பெனி சனிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறது. அப்பா வேனில் ஏறச் சொல்லிவிட்டார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மோட்டாருல காயிலு எதனால எரிஞ்சு போகுதுன்னு எனக்குத் தெரியுமுங்க மேடம். நாலு வருசம் அதெத்தான படிச்சன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஆறுச்சாமி மஞ்சள் பையோடு வந்தபோது அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மகள் வந்து போனதைச் சொல்லவில்லை. புள்ளைக்கு வேலை எப்படி என்று பொதுவாகக் கேட்டேன். சென்னையில் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். வேலை இல்லாத பிள்ளைகளுக்குத் தவணையைத் தள்ளிவைக்கிற வசதி இருக்கிறது, தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று சுற்றி வளைத்தேன். அவர் அவ்வளவு விவரம் தெரியாதவர் இல்லை. கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மேடம், பேங்குல வாய்தா கேக்கறவங்கையில எவனுங்க பணப்பையெ நம்பிக் குடுப்பான்? மண்டியில எம்பட பொழப்பே அந்த ஒரு பேருலதானுங்க ஓடுது."

வீம்பு என்று நினைத்துப் பேசத் தயாராக இருந்தேன், ஆனால் அது வீம்பு இல்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கிடைக்கும் கூலியை விட, நம்பிக்கையான ஆள் என்று மண்டிக்காரர்கள் கொடுக்கிற படிக்காசில்தான் அந்தக் குடும்பம் நிற்கிறது. அவர் பயம் கணக்குப் போட்டுப் பார்த்த பயம். இந்த இடத்தில்தான் நீங்கள் நிதானிக்க வேண்டும். எதிரில் இருப்பவருக்கு விதி தெரியவில்லை என்று நினைத்து விதியை மறுபடி மறுபடி படித்துக் காட்டுவோம். பலருக்கு விதி தெரியும். அந்த விதியைப் பயன்படுத்தினால் ஊரில் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

இதற்கிடையில் இந்தத் தவணையைத் தள்ளிவைக்கலாமா என்று மண்டல மேலாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். நல்லவர்தான், மார்ச் மாதம் நெருங்கினால் மட்டும் மனிதராக இருக்க மாட்டார். தவறாமல் வரும் கணக்கை எதற்காக நோண்டுகிறீர்கள் என்றார். தள்ளிவைத்த கணக்கு எண்ணிக்கையில் ஒன்று கூடும், மேலே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

"சார், இது இப்ப நல்ல கணக்கு. குழுவுல கடன் குடுக்கறதெ நிறுத்தற மாசம் இது நல்லா இருக்காது. அப்ப நான் வந்து நின்னா நீங்களே ஏன் முன்னாடியே சொல்லலைன்னு கேப்பீங்க."

அந்தத் தகப்பன் கையெழுத்துப் போட்டால் செய்யுங்கள், பொறுப்பு உங்களுடையது என்றார். பொறுப்பு உங்களுடையது என்று மேலே இருப்பவர் சொன்னால் பயந்துவிடாதீர்கள். நம் ஊர் அலுவலக மொழியில் அதற்குச் சம்மதம் என்றுதான் அர்த்தம்.

மிச்சம் இருந்தது பொன்னாடை. விழாவை ரத்து செய்தால் ஆறுச்சாமிக்கு அவமானம். புது வேட்டியை என்ன செய்வார்? மகள் கேட்டுக்கொண்டதை மீறிப் போர்த்தினால், அவர் தலையில் நானே இன்னொரு மூட்டையை ஏற்றி வைத்ததாகும். ஊர் முன்னால் ஒருநாளும் தவறாதவர் என்று பெயர் வாங்கியவர் மறுநாள் எப்படி வந்து தவணையைத் தள்ளிவையுங்கள் என்பார்? இரண்டு நாள் இதையே யோசித்துச் சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டேன். என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

அப்போதுதான் தினேஷ் நினைவுக்கு வந்தான். நான் சூலூர்க் கிளையில் இருந்தபோது கடன் வாங்கியவன். வேலை கிடைக்காமல் இரண்டு முறை வந்து தவணையைத் தள்ளிவைத்துக்கொண்டான். பிறகு விமான உதிரிபாகம் லேத்தில் கடையும் ஒரு பட்டறையில் சேர்ந்து, பாராட்டை எதிர்பார்க்காமல் மேலாளர் இல்லாத நாளில் வந்து கடைசித் தவணையைக் கட்டிவிட்டுப் போனவன். அவனைக் கூப்பிட்டேன். மேடையில் உன்னைக் கௌரவிக்கிறேன், ஆனால் தள்ளிவைத்ததை உன் வாயால் சொல்ல வேண்டும், இஷ்டமில்லையென்றால் ஒரு வருத்தமும் இல்லை என்றேன். வாடிக்கையாளரின் கணக்கு விஷயம் அவருடைய சொத்து. எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும் அதை நம் இஷ்டத்துக்கு எடுத்து வெளியில் வைக்கக் கூடாது. தினேஷ் யோசித்தான். மாமனார் வீடு மேட்டுப்பாளையத்துக்குப் பக்கம்தான், யாராவது சொல்லிவிடுவார்கள் என்றான். சாயங்காலம் அவனே திரும்பக் கூப்பிட்டான். "சொல்லிப்போடறனுங்க மேடம். திருடியா கட்டாம இருந்தன்?"

வெள்ளிக்கிழமை காலை ஆறுச்சாமி வந்ததும் ஓரமாகக் கூட்டிப் போய், நிகழ்ச்சியில் ஒரு மாற்றம் என்றேன். பொன்னாடை ஒரு பையனுக்கு, அதைப் போர்த்தப் போவது நீங்கள். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நம் பக்கத்து விசேஷங்களில் துண்டு போர்த்தப்படுகிறவரை விட, போர்த்தச் சொல்லி அழைக்கப்படுகிறவர்தான் பெரிய மனிதர் என்பது அவருக்கும் தெரியும். "எங்க கிளையில கையில பணப்பையோட வாரவங்கள்ல உங்களெ விடப் பெரியாளு எனக்குத் தெரியலீங்கண்ணா" என்றேன். அது ஒரு சொட்டுக்கூட முகஸ்துதி இல்லை. அவர் தலையாட்டினார். முன்வரிசையில் அவருடைய மண்டி முதலாளியை உட்கார வைத்திருந்தேன். நாற்காலி எங்கே போட வேண்டும் என்பதும் வங்கி வேலைதான்.

பெயர் வாசித்ததும் ஆறுச்சாமி மேடை ஏறினார். மண்டி ஆட்கள் விசிலடித்தார்கள். கையில் பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தினேஷ் ஒலிபெருக்கியை வாங்கினான். பேசத் தெரியாத பையன். அதுதான் நல்லதாகப் போயிற்று.

"படிப்பு முடிச்சு ரொம்ப நாளு எனக்கு வேலை இல்லீங்க. பேங்குல போயி இல்லீன்னு சொன்னன். தள்ளி வெச்சாங்க. மறுக்காவும் போயிச் சொன்னன். மறுக்காவும் தள்ளி வெச்சாங்க. அந்த நேரத்துல தொழில் கத்துக்கிட்டன். அப்பறம் எல்லாத்தையும் கட்டீட்டனுங்க."

அவ்வளவுதான் பேச்சு. மண்டபத்தில் கொஞ்ச நேரம் யாரும் கை தட்டவில்லை. ஆறுச்சாமி போர்த்தாமல் அப்படியே நின்றார். பிறகு, பக்கத்தில் ஒலிபெருக்கி இருக்கிறது என்பதை மறந்து, பையனிடம் கேட்டார்.

"உங்கப்பன் ஒண்ணுஞ் சொல்லலையா சாமி?"

"அவுருதானுங்க மொதல்ல கையெழுத்துப் போட்டாரு."

முன்வரிசையிலிருந்து மண்டி முதலாளி கையைத் தட்டினார். பிழைக்கத் தெரிந்த பையன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகவே சொன்னார். அதற்குப் பிறகு மண்டபமே தட்டியது. ஆறுச்சாமி முதலாளியை ஒரு முறை பார்த்தார். அப்புறம் பொன்னாடையைப் பையனின் தோளில் போர்த்தி, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டார், மூட்டைக்குச் சாக்கைச் சரி செய்கிற மாதிரி. இறங்கிப் போனவர் என் பக்கம் வராமலே வாசலுக்கு நடந்தார். போண்டாவும் சாப்பிடவில்லை. தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். நித்யா கடைசி வரிசையில் இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை காலை கிளையைத் திறக்கும்போது இரண்டு பேரும் படியில் நின்றிருந்தார்கள். ஆறுச்சாமி அதே புது வேட்டியில் இருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, தள்ளிவைத்தால் வட்டி நிற்குமா என்பது. நிற்காது என்றேன். நிற்கும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருநாளும் செய்யாதீர்கள். தள்ளிவைப்பது தள்ளுபடி இல்லை. கடன் அங்கேயேதான் இருக்கும், கொஞ்சம் வளர்ந்தும் இருக்கும், இந்த ஆறு மாதத்தில் உங்கள் மகள் அதைவிட வேகமாக வளர்வாள் என்ற நம்பிக்கையில்தான் இதைச் செய்கிறோம் என்று சொன்னேன். இனி எங்களுக்குக் கட்ட எடுத்துவைக்கும் காசில் முதலில் குழுக்கடனை அடையுங்கள், மூன்றாவது குழுப் பக்கமே போகக் கூடாது என்று வீட்டம்மாவுக்கும் சொல்லச் சொன்னேன். அவளுக்குத் தெரியாத கவலையா, வெசனமா என்று அவர் தரையைப் பார்த்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். "முதலாளி நேத்து சாயங்காலம் கூப்புட்டாருங்க. மேடையில நாங் கேட்டதெ வெச்சு என்ன கேப்பாரோன்னு பயந்துக்கிட்டே போனன். இன்னைக்குப் பையெக் கொண்டுபோயிக் குடுன்னு சொல்லத்தானுங்க கூப்புட்டாரு." நித்யா என் மேசைக்கு முன்னாலேயே பம்ப் கம்பெனிக்கு வருகிறேன் என்று போன் செய்தாள். அந்தக் காலை எனக்கு இருந்த மகிழ்ச்சி பதவி உயர்வு வந்தபோதுகூட இல்லை.

எல்லாம் சுபம் என்று முடிக்க மாட்டேன். ஆறு மாதம் முடிந்தபோது கம்பெனி இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை, ஆர்டர் குறைவு என்றார்கள். இந்த முறை ஆறுச்சாமியே வந்து, மறுக்கா ஒரு தடவை வேணுமுங்க என்று கவுண்டரில் நின்றே கேட்டார். அந்தக் கெடு முடிவதற்குள் அவளை எடுத்துக்கொண்டார்கள். இப்போது தவணை அவள் சம்பளத்திலிருந்து தானாகப் போகிறது. அதைப் பார்ப்பதற்காகவே கைபேசியைத் திறப்பேன் என்று ஒருமுறை சொன்னாள். கடைசிக் குழுவையும் அம்மா முடித்துவிட்டாளாம்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு காலை, ஆறுச்சாமி இன்னொரு சுமைக்காரரைத் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் என் மேசை மேல் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒரு சோலியாக வந்தேன் என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பின்னால் வரிசையில் அவருக்குத் தெரிந்த மண்டிக்காரர்கள் நின்றிருந்தார்கள்.

"ஏனப்பா முழுங்கறே? பையனுக்கு இன்னும் வேலை கெடைக்கலீன்னு சொல்லு" என்றார் ஆறுச்சாமி, மண்டியில் ஏலம் கூவுகிற குரலில். "எம்புள்ளைக்குங் கெடைக்காமத்தான் இருந்துச்சு."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் கக்கத்தில் அன்றைய மஞ்சள் பை இருந்தது.